சலிக்காத கேரக்டர்: ரோல் பிளேயிங் கேமுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ரோல் பிளேயிங் கேம் மேசைக்கு முதன்முதலாக வருகிறவர் கேட்பது, "எந்தக் கேரக்டர் ரொம்ப ஸ்ட்ரோங்?" ஆறு மாதம் போனால் அதே ஆள், "அண்ணே, இவன் போதும், வேற ஆள் போட்டுக்கவா?" என்பார். இடையில் அவர் கேரக்டர் பலவீனமாகிவிடவில்லை. முன்பைவிடப் பலசாலியாகத்தான் ஆகியிருக்கும். அந்த ஆளுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லாமல் போனதுதான் சங்கடம்.

பெரிய நகரத்தில் இது பெரிய பிரச்சினையில்லை. கோலாலம்பூரில் ஒரு குழு சரிப்படாவிட்டால் இன்னொரு மேசை கிடைக்கும். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கும் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற டவுனில் கிடைப்பது ஒரே மேசை. அதே நாலைந்து பேர்தான்: ஒருவர் தொழிற்சாலை ஷிப்ட், ஒருவர் ஆசிரியர், ஒருவர் செம்பனைத் தோட்டத்தில் கிராணி. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குமேல்தான் எல்லாரும் கூட முடியும். ஒரு கதையைத் தொடங்கினால் வருடக்கணக்கில் போகும். அதனால் நம் ஊர் ஆட்டக்காரருக்கு முதல் நாளே நெடுநாள் தாங்குகிற கேரக்டர் தேவை.

விளையாட்டையே அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒருவர் கதையை நடத்துவார். அவர் கேம் மாஸ்டர், வழக்கில் ஜி.எம். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு, தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று வாயால் சொல்வார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருளும். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையில் அச்சாகி விற்பனைக்கு வந்த முதல் விளையாட்டு. இன்றும் புதியவர்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறார்கள். அதன் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஆகவே புத்தகம் வாங்க வெள்ளி இல்லையே என்று யாரும் ஒதுங்க வேண்டாம். ஏழு பகடை கொண்ட ஒரு செட்டை ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் கைப்பேசிச் செயலியே உருட்டித் தரும். பென்சில் மட்டும் கட்டாயம். ஆளின் விவரங்களைக் குறித்துவைக்கும் தாளான கேரக்டர் ஷீட்டில் பேனாவால் எழுதுகிறவர் இரண்டாம் வாரமே வருந்துவார்.

ஷீட்டைத் தொடுமுன்

முதல் வேலை எழுதுவதல்ல, கேட்பது. விவரமறிந்த குழுக்கள் இதற்கென்றே ஓர் இரவை ஒதுக்கி அதற்கு செஷன் ஜீரோ என்று பெயர் வைத்திருக்கின்றன. அன்று பகடைக்கு வேலையில்லை, பேச்சுதான். கதை எத்தனை மாதம் போகும், எந்த உலகம், சாவு எவ்வளவு சகஜம் என்பதை ஜி.எம்மிடம் நேராகக் கேளுங்கள்.

சாவைப் பற்றிய கேள்வி முக்கியம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் லெவல் ஏற ஏற ஆள் தாங்கும் சக்தி கூடும். 1981-இல் வந்த கால் ஆஃப் கதுல்ஹு என்ற விளையாட்டில் அப்படியில்லை. அங்கே உடம்பு சாதாரண மனித உடம்புதான், போகப் போகப் புத்தியும் தேயும். 1977-இன் டிராவலரில் கேரக்டரை உருவாக்கிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆள் செத்துப்போக வாய்ப்பிருந்தது! ஷீட்டை எழுதி முடிக்குமுன் காரியம் வைக்க வேண்டிய விளையாட்டு. எனக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கும், ஆனால் புதியவரிடம் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எதைத் தொடக்கூடாது என்பதையும் அன்றே பேசிவிட வேண்டும். நம் ஊரில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960 வரை அது நீடித்தது. கதை நடத்துகிறவருக்கு இது அருமையான களம். மேசையில் இருக்கும் ஒருவரின் தாத்தா அந்தக் காலத்தில் எந்தப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு தவித்தார் என்பது நமக்குத் தெரியாது. சயாம் மரண ரயில் பாதைக்கும் இதே எச்சரிக்கை. வீட்டில் யாராவது போய்த் திரும்பாமல் இருந்திருக்கலாம். "இது வேணாம்" என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் விட்டுவிடுவது நல்ல மேசையின் வழக்கம்.

சாமி விஷயமும் அப்படித்தான். முனியாண்டியைச் சக்திவாய்ந்த வில்லனாக வைத்தால் கதை நன்றாக இருக்கும் என்று ஒருவருக்குத் தோன்றும். பக்கத்து நாற்காலிக்காரர் வீட்டில் அவர் குலசாமி. உண்மைப் பெயர்களை விட்டுவிட்டு, எல்லைக்காவல் தெய்வம் என்ற கருத்தை மட்டும் எடுத்து ஜி.எம் தன் உலகத்துக்கு ஒரு தெய்வத்தைப் படைத்துக்கொள்ளட்டும். சாதிப் பெயரைச் சொல்லிச் சிரிக்க வைக்கும் கேரக்டர் எந்த மேசைக்கும் வேண்டாம்.

ஆளை ஒரு வரியில் எழுதுங்கள்

பத்துப் பக்க முன்கதையோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். படிக்கச் சுவையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆளுக்கு நடக்க வேண்டியதெல்லாம் மேசைக்கு வருமுன்பே நடந்து முடிந்திருக்கும். போர், காதல், துரோகம், பழி எல்லாம் ஆகி, இனி ஓய்வுதான் பாக்கி. நமக்கு வேண்டியது முடியாத ஆள்.

ஒரு வரி போதும். அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: ஆள் யார், அவருக்கு என்ன வேண்டும், அது ஏன் இன்னும் கைக்கு வரவில்லை. கட்டுரை முழுக்க ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம். ஜி.எம் உருவாக்கிய மாய உலகத்தில் ஒளிரும் பால் சுரக்கும் மரங்கள் நிறைந்த தோட்டம் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள்.

"விடியுமுன் நெற்றி விளக்கோடு மரம் சீவப் போகிற மயிலு, விலைபோகவிருக்கும் தன் லயத்தைக் காப்பாற்ற நினைக்கிறாள். ஆனால் பத்திரம் யார் கையில் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது."

இந்த ஆசை நம் சரித்திரத்திலிருந்து எடுத்தது. 1950-களில் பெரிய ஆங்கிலேயத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். அதற்குப் பதிலாகத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தொழிலாளர்களின் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கும் திட்டம் அது. மயிலுவின் ஆசை ஏன் நெடுநாள் தாங்கும் என்பதற்கும் இந்தச் சரித்திரமே விடை சொல்கிறது. பத்திரத்தைக் கண்டுபிடித்தாலும் பணம் வேண்டும். பணம் கிடைத்தாலும் மற்ற குடும்பங்களைச் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் நிர்வாகத்தை யார் பார்ப்பது என்று சண்டை வரும். "அப்பாவைக் கொன்றவனைப் பழிவாங்க வேண்டும்" என்ற ஆசையில் இந்த வசதி கிடையாது. அவன் தலை உருண்டதும் உங்கள் ஆள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஃபேட் என்ற விளையாட்டில் இந்த ஒரு வரியே விதியாக இருக்கிறது. ஆளின் சாரம் ஒரு சொற்றொடர், அவரை விடாமல் துரத்தும் தொல்லை இன்னொரு சொற்றொடர். தொல்லை தலைதூக்கும்போது அதை ஏற்றுக்கொள்கிறவருக்கு ஒரு ஃபேட் பாயிண்ட் பரிசாகக் கிடைக்கும். நீங்கள் எந்த விளையாட்டை ஆடினாலும் தொல்லையைச் சொத்தாகப் பார்க்கும் இந்தப் பழக்கத்தைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

எண்கள்

புதியவர்கள் அதிகம் பயப்படுவதும் அதிக நேரம் செலவிடுவதும் இங்கேதான். பயத்துக்கு அவ்வளவு காரணமில்லை.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஆறு திறன்கள்: உடல்பலத்துக்கு ஸ்ட்ரெங்த், கைகால் லாவகத்துக்கு டெக்ஸ்டெரிட்டி, தாக்குப்பிடிக்கும் உடம்புக்கு கான்ஸ்டிடியூஷன், படிப்பறிவுக்கும் யுக்திக்கும் இன்டலிஜன்ஸ், பார்வைக் கூர்மைக்கும் விவேகத்துக்கும் விஸ்டம், பிறரை அசைக்கும் ஆளுமைக்கு கரிஸ்மா. இவற்றுக்கு 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களைப் பங்கிட்டுத் தரலாம். பகடை உருட்டியும் எண் பெறலாம்: 4 ஆறுமுகப் பகடை உருட்டி, அதில் சிறியதை ஒதுக்கிவிட்டு மீதியைக் கூட்ட வேண்டும். உருட்டுவதில் கிளுகிளுப்பு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நண்பன் 17-ஓடும் நீங்கள் 9-ஓடும் எழுந்தால் அந்த வித்தியாசம் இரண்டு வருஷம் மேசையில் உட்கார்ந்திருக்கும். நீண்ட கதைக்குப் பங்கீடுதான் நல்லது.

ஒவ்வோர் எண்ணிலிருந்தும் 10-ஐக் கழித்து, பாதியாக்கி, பின்னம் வந்தால் கீழே இறக்குங்கள். 15 என்றால் +2. 8 என்றால் -1. பகடையோடு கூட்டப்படுவது இந்தச் சின்ன எண்தான். நடுத்தரக் கஷ்டமான காரியத்துக்கு 15 வர வேண்டும் என்பது விதி. 20 முகப் பகடையில் +2 உள்ளவர் 13 அல்லது அதற்குமேல் உருட்டினால் போதும், அதாவது 100-க்கு 40. -1 உள்ளவருக்கு 16 வேண்டும், அதாவது 100-க்கு 25. உங்கள் மிகச் சிறந்த எண்ணுக்கும் மிக மோசமான எண்ணுக்கும் இடையில் இவ்வளவுதான் தூரம். நீங்கள் பயிற்சி பெற்ற வேலை என்றால் தொடக்கத்தில் இன்னொரு +2 சேரும்.

ஆகவே 8-ஐ எங்கே ஒளிப்பது என்று யோசிக்காதீர்கள். எங்கே வைத்தால் ஆடுவதற்குச் சுவை என்று யோசியுங்கள். மயிலுவின் பிழைப்பு கத்தி நுனியில் இருக்கிறது. பட்டையைச் சாய்வாகச் சீவ வேண்டும், கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு முண்டு தட்டிவிடும். ஆகவே 15 டெக்ஸ்டெரிட்டிக்கு. வெயில் ஏறுமுன், மரத்துக்குள் நீரழுத்தம் கூடியிருக்கும் நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே நடமாடிப் பழகியவள். பாம்பையும் பன்றியையும் சத்தத்திலேயே அறிவாள். 14 விஸ்டத்துக்கு. காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் வாளி சுமப்பவளுக்கு ஸ்ட்ரெங்த் 13. உடம்புக்கு 12, இன்டலிஜன்ஸுக்கு 10.

8 கரிஸ்மாவுக்குப் போகிறது. மயிலு அழகில்லாதவள் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே தலைகுனிந்து நின்றே வளர்ந்தவள், அதிகாரமுள்ளவர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பத்திரத்தைத் தேடுகிறவள் நாளும் அதிகாரிகளிடம் பேசித்தானே ஆக வேண்டும்? ஒவ்வொரு தடவையும் தவிப்பாள். ஒரு தடவை பகடை கைகொடுத்து, துரையின் முகத்துக்கு நேராக அவள் பேசிவிட்டால், மேசையே எழுந்து கைதட்டும். 18 கரிஸ்மாவோடு வந்தவருக்கு அந்தக் கைதட்டல் கிடைக்காது.

(கேரக்டர் மனிதரா வேறு பிறவியா என்ற இனம், வளர்ந்த பின்னணி ஆகியவற்றால் வரும் கூட்டலை இங்கே சேர்க்கவில்லை. 2014 விதிகளில் அது இனத்தோடு வரும், 2024 திருத்தத்தில் பின்னணியோடு வரும். உங்கள் மேசையில் எது நடப்பில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.)

கிளாஸ்

கிளாஸ் என்பது உங்கள் ஆளின் தொழில் மாதிரி. ஃபைட்டர், ரோக், விசர்ட், கிளெரிக் என்று பன்னிரண்டு கிளாஸ்கள். சண்டையில் எது நன்றாக அடிக்கும் என்று ஒப்பிடும் காணொளிகள் ஏராளம். அவற்றை விட்டுவிடுங்கள். சண்டையே இல்லாத இரவில் உங்கள் ஆள் என்ன செய்வார் என்று பாருங்கள். நெடுங்கதையில் அப்படிப்பட்ட இரவுகள் நிறைய வரும். மயிலுவுக்கு ரோக் பொருந்துகிறது. ஒளிந்து நடக்கவும், பூட்டைத் திறக்கவும், யார் கவலையோடு இருக்கிறார் என்று கவனிக்கவும் அவளால் முடியும். எவ்வளவு அடி தாங்குவாள் என்று காட்டும் உயிர்ப்புள்ளி, முதல் லெவலில் ரோக்குக்கு உரிய 8-உம் உடம்புக்கான +1-உம் சேர்ந்து 9.

20-ஆம் லெவலில் என்ன வரும் என்று புரட்டிப் பார்த்துக் கிளாஸ் தேர்வு செய்யாதீர்கள். அங்கே போய்ச் சேரும் குழுக்கள் மிகக் குறைவு. 2-ஆம் லெவலுக்கு 300 அனுபவப் புள்ளி, 3-க்கு 900, 20-க்கு 3,55,000. மூன்றாம் லெவலிலும் ஐந்தாம் லெவலிலும் கிடைப்பது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மந்திரக்காரர்கள் மேலே போகப் போக வலுவடைவார்கள், ஆனால் படிக்க வேண்டிய பாடமும் கூடிக்கொண்டே போகும். வாரம் முழுக்க ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவருக்கு ஐம்பது மந்திரத்தைப் புரட்டும் பொறுமை இருக்குமா என்பதைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மொய் நோட்டு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். முன்கதை எழுதாதீர்கள், உங்கள் கேரக்டருக்கு ஒரு மொய் நோட்டு போடுங்கள்.

கல்யாண வீட்டு மொய் நோட்டில் என்ன இருக்கும்? பெயர், ஊர், தொகை. அதைப் புரட்டினால் அந்தக் குடும்பத்துக்கு யார் வேண்டியவர், யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும், யார் வந்தும் கை நனைக்காமல் போனார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். கேரக்டருக்கும் அப்படியே. ஒரு பக்கத்தில் நான்கைந்து பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் செய்தது என்ன, நம் ஆள் திருப்பிச் செய்ய வேண்டியது என்ன. பணமாக இருக்க வேண்டியதில்லை.

மயிலுவின் நோட்டு இப்படி இருக்கலாம். சின்னம்மா: அம்மா போனபின் வளர்த்தவள். பாக்கி, ஓடிப்போன அவள் மகனைத் தேடிக் கொண்டுவருவது. பெரிய கிராணி: எடைக் கணக்கில் மயிலு செய்த தில்லுமுல்லு அவருக்குத் தெரியும், காட்டிக்கொடுக்கவில்லை. பாக்கி, அவர் கேட்கும் நாளில் ஒரு காரியம். எல்லையில் சாமான் கடத்தும் ஒருவன்: வெள்ளத்தில் போனவனை மயிலு இழுத்துப்போட்டாள். இங்கே பாக்கி அவன் பக்கம். கூடப் படித்த தோழி: துரை வீட்டில் வேலைக்குப் போனபின் பேசுவதில்லை. யார் யாருக்குப் பாக்கி என்று இருவருக்குமே தெரியாது. கடைசி வரியில் தொகை மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. அம்மாவின் காரியச் செலவை யாரோ கட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கடைசி வரிக்கு விடையை நீங்களே யோசித்து வைக்காதீர்கள். அது ஜி.எம்முக்கான இடம். பத்துப் பதினைந்து வாரம் கழித்து, கதை தொய்ந்துபோன ஓர் இரவில் அவர் அந்த வரியை எடுப்பார்.

புதியவர்கள் பெரும்பாலும் அனாதைக் கேரக்டரோடு வருவதற்குக் காரணம் புரிகிறது. குடும்பம் இருந்தால் ஜி.எம் அவர்களைக் கடத்திவிடுவார் என்ற பயம். (கடத்தத்தான் செய்வார்.) ஆனால் நம் ஆட்களுக்கு இதில் கைவந்த கலை ஒன்று இருக்கிறது, அதை ஏன் வீணடிக்க வேண்டும்? ஒரு லயத்தில் வளர்ந்தவருக்கு யார் பெரியப்பா, யார் முறை மாமன், எந்த வீட்டுச் சாவுக்குப் போகாவிட்டால் எத்தனை வருஷம் பேச்சு நிற்கும் என்பதெல்லாம் பாடம் படிக்காமலே தெரியும். உங்கள் டிராகன் உலகத்திலும் இந்த உறவுகளைக் கொண்டுவாருங்கள். வழியில் சந்திக்கும் வியாபாரி வெறும் வியாபாரியாக இருந்தால் பேரம் பேசிவிட்டு நகர்வீர்கள். அவர் சின்னம்மாவின் கொழுந்தனாக இருந்தால் ஓர் இரவு முழுக்கக் கதை ஓடும்.

ஐந்தாம் பதிப்பின் 2014 ஷீட்டில் குணம், கொள்கை, பந்தம், குறை என்று நான்கு கட்டங்கள் இருக்கும். பந்தக் கட்டம் நோட்டிலிருந்தே நிரம்பிவிடும். குறையை எழுதும்போது "கோபக்காரி" என்று வெறும் குணமாக எழுதாமல் செயலாக எழுதுங்கள்: "அவள் கண்ணெதிரே யாராவது கூலியைக் குறைத்து எண்ணினால் சும்மா இருக்க மாட்டாள்." முதலாவதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று ஜி.எம்முக்குத் தெரியாது. இரண்டாவதைப் படித்ததும் நாணயமூட்டையோடு ஒரு கணக்குப்பிள்ளையை அனுப்பிவிடுவார்.

மேசையில் இருக்கும் மற்றவர்கள்

உங்கள் ஆள் எவ்வளவு அருமையானவராக இருந்தாலும், இவர்களோடு ஏன் போகிறார் என்பதற்குப் பதில் இல்லாவிட்டால் மூன்றாம் வாரமே மூலையில் உட்காருவார். யாரோடும் ஒட்டாமல் இருட்டில் நிற்கும் தனி ஓநாய்க் கேரக்டர் சினிமாவில் எடுபடும், மேசையில் எடுபடாது. செஷன் ஜீரோவிலேயே மற்ற இருவரின் கேரக்டரோடு முடிச்சுப் போடுங்கள். ஒருவரோடு நல்ல முடிச்சு, இன்னொருவரோடு கொஞ்சம் உரசல். மயிலுவும் குழுவில் இருக்கும் கோயில் பூசாரியும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. முன்னாள் சிப்பாய் ஒரு காலத்தில் தோட்டத்துக்கு எதிராக நின்றவர், மயிலு அதை மறக்கவில்லை.

உரசல் கதைக்குள் இருக்க வேண்டும். கூட்டாளியின் பையில் கை வைத்துவிட்டு, "என் கேரக்டர் அப்படித்தாண்டா" என்று சொல்பவர் கேரக்டரை ஆடவில்லை, நண்பர்களைச் சோதிக்கிறார்.

பெயரும் பேச்சும்

எல்லார் வாயிலும் புரளும் பெயராக வையுங்கள், இரண்டு மூன்று எழுத்து போதும். நம் மேசைகளில் மலாய், சீன நண்பர்களும் உட்காருவார்கள். அவர்கள் சிரமமில்லாமல் கூப்பிட்டால்தான் கேரக்டர் புழக்கத்தில் இருக்கும். தமிழ்ப் பெயர் வைத்தால் மாய உலகம் கெட்டுப்போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆங்கிலப் புத்தகத்தில் இருக்கும் பெயர்களும் ஏதோ ஓர் ஊரின் பெயர்கள்தாம்.

குரல் மாற்றி நடிக்கத் தெரியாதே என்ற கவலையும் வேண்டாம். "மயிலு கதவைத் தட்டாமல் காத்திருக்கிறாள்" என்று மூன்றாம் ஆளாகச் சொன்னாலே ஆட்டம் நடக்கும். ஒரே ஒரு பழக்கத்தைக் கொடுங்கள். மயிலு யோசிக்கும்போது உளியின் கூரைப் பெருவிரலால் தடவிப் பார்ப்பாள். அவ்வளவு போதும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உறுமுகிற கேரக்டரைச் செய்யாதீர்கள். முதல் இரவு சிரிப்பார்கள், அப்புறம் உங்களைத் தாண்டிப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

ஆடத் தொடங்கியபின்

முதல் இரண்டு மூன்று இரவுகள் வெள்ளோட்டம். காகிதத்தில் நினைத்த ஆளும் மேசையில் பேசுகிற ஆளும் வேறாக இருப்பது சகஜம். வாயில்லாதவள் என்று எழுதிய மயிலு, எடுத்ததற்கெல்லாம் கிண்டல் அடிக்கிறவளாக வெளிப்படலாம். வெளிப்பட்டவளை வைத்துக்கொண்டு காகிதத்தை அழித்து எழுதுங்கள். மூன்றாம் லெவல் வரை கிளாஸைக்கூட மாற்றிக்கொள்ள விடுவீர்களா என்று ஜி.எம்மிடம் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது. பெரும்பாலானவர்கள் சரி என்பார்கள்.

ஒவ்வொரு இரவும் கலையுமுன், தே தாரேக் கடைசி மடக்கு இருக்கும்போதே, நோட்டில் இரண்டு வரி சேருங்கள்: இன்று புதிதாக யாருக்குக் கடன்பட்டாள், எந்தப் பாக்கி தீர்ந்தது. தீர்ந்ததைக் கோடு போட்டு அடியுங்கள், கிழிக்காதீர்கள். லெவல் ஏறும் நாளில், எண்கள் மாறுவதோடு மயிலுவின் மனத்தில் மாறியது என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். கோடு போடாத வரிகள் இரண்டுக்குக் கீழே போய்விட்டால் ஜி.எம்மிடம் சொல்லுங்கள். கேரக்டர் சலிக்கப்போகிறது என்பதற்கு அது முன்னறிவிப்பு.

நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடம், ஆள் வராமல் போவது. ஷிப்ட் மாறும், திருவிழாக் காலத்தில் உறுமி மேளத்தோடு ஊர் ஊராகப் போகிறவர் இருப்பார், தீமிதிக்கு விரதம் இருக்கிறவர் ஒரு மாதம் தலைகாட்ட மாட்டார். அந்த இரவுகளில் கேரக்டர் எங்கே போயிருப்பார் என்பதற்கு நோட்டே பதில் வைத்திருக்கும்: மயிலு சின்னம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறாள். திரும்பி வரும்போது அங்கிருந்து ஒரு செய்தியோடு வரட்டும். வேலை கிடைத்துச் சிங்கப்பூருக்கே போய்விட்டால் காணொளி அழைப்பில் தொடரலாம். முடியாவிட்டால் கேரக்டரைக் கொல்லாமல் ஜி.எம்மிடம் ஒப்படையுங்கள். தீபாவளிக்கு ஊர் வரும்போது ஓர் இரவுக்கு வாங்கிக்கொள்ளலாம்.

சாவு வந்தால்? உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்கு இறங்கிய ஆளுக்கு ஒவ்வொரு முறையும் 20 முகப் பகடை உருளும். 10-உம் அதற்கு மேலும் வெற்றி, கீழே தோல்வி. மூன்று வெற்றி முதலில் வந்தால் உயிர் நிலைக்கும், மூன்று தோல்வி முதலில் வந்தால் முடிந்தது. இதை மறைத்து உருட்டச் சொல்லி ஜி.எம்மைக் கெஞ்சாதீர்கள். வருஷக்கணக்கில் ஆடிய ஆளுக்கு நேர்மையான சாவு ஒரு மரியாதை.

அடுத்த கேரக்டரை வெறும் ஷீட்டிலிருந்து தொடங்க வேண்டாம். பழைய நோட்டில் இருக்கும் பெயர்களில் ஒன்றை எடுங்கள். ஓடிப்போன சின்னம்மா மகனே வரட்டும், தன்னைத் தேடித் திரிந்த அக்காள் செத்த செய்தியைக் கேட்டுக்கொண்டு. குழு இருக்கும் அதே லெவலில் சேர்த்துக்கொள்ளும்படி ஜி.எம்மிடம் கேளுங்கள். மயிலு அடிக்காமல் விட்டுப்போன வரிகளை அவன் பெயருக்கு மாற்றி எழுதி, ஒரு பிரதியை ஜி.எம்மிடம் கொடுத்துவிடுங்கள்.